கலங்கரை விளக்கத்தின் வெயில் பக்கம்

கடைத்தெரு ஸ்டூடியோவில் படம் எடுப்பவர் கணவர். வெளிச்சம் பிடிப்பவர் மனைவி. தெருவில் எல்லோருக்கும் அவர் லைட்டக்கா. விளக்கை எந்த உயரத்தில் வைத்தால் ஒட்டிய கன்னத்தின் பள்ளம் மறையும், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் வெள்ளித் தட்டியை எப்படித் திருப்பினால் கழுத்தடி நிழல் போகும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். ஆனால் கடை முகப்பின் கண்ணாடிக்குள் மாட்டியிருந்தவை எல்லாம் கணவர் எடுத்த படங்கள். தான் எடுத்த படம் ஒன்றாவது அங்கே இருக்க வேண்டும் என்று அக்கா பலமுறை கேட்டாயிற்று. “பார்க்கலாம்” என்பார் கணவர். அந்தப் ‘பார்க்கலாம்’ நரைத்தே போய்விட்டது.

போன மாதம் இருவரும் கடையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போனார்கள். ஓய்வுக்கு என்றுதான் பேச்சு. ஆனாலும் கணவர் பெரிய கேமராவை எடுத்துக்கொண்டார். அக்கா, கடையில் சும்மா கிடந்த பழைய கேமராவைத் தோள்பையில் போட்டுக்கொண்டார். வெள்ளித் தட்டியும் கூடவே வந்தது. ஏன் வந்தது என்று இருவரும் யோசிக்கவில்லை.

மாலையில் பாறை மேட்டில் நல்ல கூட்டம். எதிரே கலங்கரை விளக்கம். அதன் பின்னால் சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. கோபுரத்தின் இந்தப் பக்கம் முழுக்க இருட்டு. கணவர் கேமராவைக் கண்ணில் வைத்தபடி, “முகத்துல நிழல் விழுது, கொஞ்சம் தூக்கு” என்றார். அக்காவும் தட்டியை விரித்துத் தலைக்கு மேல் தூக்கிக் கோபுரத்தைப் பார்த்துத் திருப்பினார்.

பக்கத்தில் நின்ற பெண் குபீரென்று சிரித்தாள். “அக்கா, அவ்வளவு தூரம் எட்டுமா?”

“எட்டாட்டி என்ன, அதுக்குத்தான் சொந்தமா விளக்கு இருக்கே!” என்றான் அவளோடு வந்தவன்.

மேடே சிரித்தது. கணவரும் சேர்ந்துகொண்டார். “இவ தூக்கத்துலகூடத் தட்டி பிடிப்பா” என்றார், கூட்டத்தைப் பார்த்து.

அக்காவுக்குச் சுருக்கென்றது. “தூக்குன்னு சொன்னது யாரு?”

“வாய் தவறி வந்துடுச்சு. நீ ஓரமா நில்லு, படத்துல விழற.”

“ஓரமா நின்னதெல்லாம் போதுங்க. இந்தாங்க, நீங்களே பிடிங்க.” தட்டியை மடக்கி அவர் அக்குளில் செருகினார்.

“எங்க போற? வெளிச்சம் போயிடும்!”

“வெளிச்சம் இருக்கிற இடத்துக்குத்தான் போறேன்.”

வேலியோரத் தடத்தில் இறங்கிக் கோபுரத்தைச் சுற்றிக் கடல் பக்கம் போனார். மாலை வெயில் முழுவதும் அங்கேதான் விழுந்திருந்தது. உரிந்த சுண்ணாம்பு, துரு வழிந்த கோடுகள், டீசல் பீப்பாய், கொடியில் காயும் பனியன்கள். விளக்கைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் துணியெடுக்க வந்தார்.

“இது பின்பக்கம்மா. படம் எடுக்கிறவங்க அந்தப் பக்கம் நிப்பாங்க.”

“நிக்கட்டும். துணியை எடுக்காதீங்கண்ணே, அப்படியே இருக்கட்டும்.”

“பனியன் தெரியுமே!”

“தெரியட்டும்.” அக்கா பழைய கேமராவைக் கண்ணில் வைத்து அழுத்தினார்.

ஊர் திரும்பியதும் அக்கா அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, முகப்புக் கண்ணாடிக்குள் நடுவில் மாட்டினார். கணவர் பதறிவிட்டார்.

“கடை முகப்புல அழுக்குப் பனியனா?”

“துவைச்ச பனியன். நல்லாப் பாருங்க.”

“கழட்டிடுவேன்.”

“நீங்க கழட்டக் கழட்ட நான் மாட்டுவேன். யாருக்கு முதல்ல கை வலிக்குதுன்னு தெரியட்டும்.”

மறுநாள் காலை அவர் கழற்றினார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் படம் திரும்ப ஏறியிருந்தது. மதியம் கழற்றினார், சாயங்காலம் படம் அங்கேயே இருந்தது. அடுத்த நாள் கையை வைத்தபோது அசையவில்லை. ஆணி இல்லை, நான்கு மூலையிலும் திருகாணி. கீழே, எடுத்தவர் என்று அக்காவின் பெயர்.

கணவர் குனிந்து படத்தைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு வேண்டா வெறுப்பாகச் சொன்னார்: “பனியன் மேல வெயில் நல்லாத்தான் விழுந்திருக்கு.”

“தெரியும். அதனாலதான் எடுத்தேன்” என்றார் அக்கா.