பதினாறு கையெழுத்து

எங்கள் நிலம் கடலைவிடத் தாழ்வானது. கோலசிலாங்கூருக்கு வடக்கே, கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மண்கரை மட்டும் இருந்தது. அலை ஏறும் நேரத்தில் அதன்மேல் நின்றால் ஒரு பக்கம் காலுக்குச் சற்றுக் கீழே சேற்றுநிறக் கடல். மறுபக்கம் ஆளுயரப் பள்ளத்தில் தென்னை, அதன் நிழலில் கொக்கோ, நடுநடுவே எங்கள் தகரக் கூரைகள். கரையின் ஓரிடத்தில் பலகைக் கதவு ஒன்று உண்டு. கடல் வற்றும்போது அதைத் திறந்து மழைத்தண்ணீரை வெளியே விடுவோம். கடல் ஏறும்போது மூடிவிடுவோம். முறை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொள்வோம்.

மொத்தம் பதினேழு குடும்பம். எல்லாரும் ஒரே தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அந்தத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது, வரிசை வீடுகளான லயத்தைக் காலி செய்ய ஒப்புக்கொள்வதாக ஒரு தாளில் ரேகை வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு போக்கிடம் இல்லாமல் கடலோரத்துக்கு வந்து, நீப்பாப் பனையையும் புதரையும் வெட்டி, வாய்க்கால் தோண்டி, உப்புப் போக மூன்று மழைக்காலம் காத்திருந்து நட்டார்கள். அரசாங்கம் தற்காலிக லைசென்சு கொடுத்தது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கிராண்டு என்ற நிரந்தரப் பட்டா கிடையாது. கேட்கும்போதெல்லாம் ‘அடுத்த வருடம்’ என்றார்கள். அப்பா அதை நம்பினார். இத்தனை வருடம் மரம் நின்ற நிலத்தை யார் பிடுங்குவார்கள் என்பது அவர் கணக்கு.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, டைப்பிங்கும் கற்றுக்கொண்டு, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். அங்கே மலாய்க் கடிதத்தைத் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்தது எனக்கு மட்டும்தான். யாருக்கு என்ன தாள் வந்தாலும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். நான் படித்துச் சொல்லும் வரை பெரியவர்களும் நின்றுகொண்டே இருப்பார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போது அதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

முதலில் நிலம் அளப்பவர்கள் வந்தார்கள். யாரையும் கேட்காமல் கொக்கோ வரிசைகளுக்குள் புகுந்து, சிவப்புச் சாயம் அடித்த முளைகளை அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு முளை எங்கள் அடுப்படி வாசலிலேயே நின்றது. கோலாலம்பூர் கம்பெனி ஒன்று கடலோரத்தில் விடுமுறை வீடுகள் கட்டப் போகிறது என்று தேங்காய் ஏற்ற வரும் சீனர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பக்கத்து நிலத்து அக்கா மறுநாள் காலையில் தன் நிலத்தில் இருந்த முளைகளை எல்லாம் பிடுங்கி, வெட்டி, அடுப்பில் வைத்துவிட்டாள். அவள் புருஷனை இழந்தவள். பிள்ளை இல்லை. கத்தரியும் பயத்தங்காயும் போட்டுத் தனியாகவே பிழைத்தாள். “நல்லா காஞ்ச கட்டை. தண்ணி சுருக்கா கொதிச்சிருச்சு பாப்பா,” என்று என்னிடம் சிரித்தாள். அன்று மாலைக்குள் பதினேழு நிலத்திலும் முளை இல்லை.

நான் மனு எழுதினேன். எத்தனை வருடமாக இருக்கிறோம், என்ன நட்டிருக்கிறோம், கரையை யார் பராமரிக்கிறார்கள் என்று இரண்டு பக்கம். அப்பாவும் இன்னும் சிலரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோலசிலாங்கூர் போய் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தார்கள். அங்கே உட்காரச் சொன்னார்கள், முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். அப்பா அந்த முத்திரையைப் பற்றி ஒரு வாரம் பேசினார். பதில் வரவில்லை.

வந்தது உள்ளூர்க் கட்சித் தலைவர்தான். அந்த வட்டாரத்தில் நம் ஆட்களுக்கு எது வேண்டுமானாலும் அவர் மூலமாகத்தான் போக வேண்டும். கோயில் கொட்டகையில் கூட்டம் போட்டார். மீகூனும் தேநீரும் அவரே ஏற்பாடு செய்திருந்தார்.

“நானும் தோட்டத்துல பொறந்தவன்தான். ஒங்க வயித்துல அடிக்க விடுவேனா? மேல பேசிட்டேன். ஒண்ணும் நடக்காது. பயப்படாதீங்க,” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு ஒரு அட்டையில் செருகிய தாள்களை எடுத்தார். “இன்னைக்கு யார் யார் வந்தாங்கன்னு மேல காட்டணும். அதுக்கு ஒரு சைன். அவ்வளவுதான் லா.” என்னைக் கூப்பிட்டு, “நீ படிச்ச புள்ள, என்ன எழுதியிருக்குன்னு சொல்லும்மா,” என்றார்.

முதல் தாளின் தலைப்பு மலாயில் ‘வருகை’ என்றிருந்தது. அதைப் படித்துச் சொன்னேன். ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். முடிந்ததும் அவர் அந்தத் தாளின் கீழ்ப்பாதியை மேலே மடித்து, அடுத்த தாளின் அடிப்பகுதியைக் காட்டினார். “ரெண்டு காப்பி வேணும்.” அதன் மேல்பாதி மடிப்புக்குள் மறைந்திருந்தது. நெருக்கமாக டைப் அடித்த வரிகள் கொஞ்சம் தெரிந்தன. வருகைத் தாளில் அவ்வளவு வரி இருக்காது என்று எனக்குத் தோன்றியது.

“ஐயா, இதுல மேல என்னமோ எழுதியிருக்கே?”

“அது ஆபீஸ் ஃபாரம்மா. எல்லாக் கூட்டத்துக்கும் வைக்கிறதுதான்.” அவர் கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “இந்தப் புள்ளைக்கு டைப்பிங்கும் தெரியுமாமே? இப்படிப்பட்ட புள்ளைய வீட்டுல உக்கார வச்சிருக்கீங்களே! நான் ஒரு வேலைக்கு எழுதிக் குடுக்கறேன்.”

அப்பாவின் முகம் மலர்ந்தது. எனக்கும் மனம் குளிர்ந்தது. அந்த மடிப்பை விரலால் தூக்கிப் பார்க்க ஒரு நொடிகூட ஆகியிருக்காது. நான் தூக்கவில்லை.

பதினாறு குடும்பத்தார் இரண்டாவது தாளிலும் போட்டார்கள். அக்கா போடவில்லை. முதல் தாளிலும் போடவில்லை.

“தோட்டத்துல ஒரு தாள்ல ரேகை வச்சேன். வீடு போச்சு. இனிமே வைக்க மாட்டேன்,” என்றாள்.

“அக்கா, இது வருகைப் பதிவுதான். நான்தான் படிச்சேனே,” என்றேன்.

“ரெண்டாவதையும் படிச்சியா பாப்பா?”

நான் பதில் சொல்வதற்குள் ஆண்கள் அவளைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். தலைவர் முன்னால் ஊர் மானத்தை வாங்குகிறாள் என்றார்கள். ஆண் துணை இல்லாத திமிர் என்று ஒருவர் சொன்னார். அப்பாவும் அங்கேதான் நின்றார். யாரும் அவளுக்காகப் பேசவில்லை. அவள் மீகூனைத் தொடாமல் எழுந்து போனாள்.

இரண்டு மாதம் கழித்து மண் லோரிகள் வரத் தொடங்கின. பக்கத்தில் இருந்த காலி இடத்தை மேடாக்குகிறோம் என்றார்கள். கரைமேல்தான் அவற்றுக்குப் பாதை. பாரம் தாங்காமல் கதவின் சட்டம் விரிந்தது. அடுத்த பெரிய அலையில் பலகை பிய்த்துக்கொண்டு போயிற்று. நாங்கள் மணல் மூட்டை அடுக்கினோம். லோரி மறுபடி ஏறி அதையும் சரித்தது. புகார் கொடுக்கப் போன இடத்தில், அந்தப் பகுதிக்கு இனிப் பழுதுபார்ப்பு கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஏன் என்று கேட்டதற்கு, மேலே கேளுங்கள் என்றார்கள்.

உப்புத்தண்ணீர் வாய்க்கால் வழியாக உள்ளே வந்தது. கொக்கோ இலைகள் ஓரத்திலிருந்து கருகின. பிறகு மொத்தமாக உதிர்ந்தன. காய்கள் மட்டும் மொட்டை மரத்தில் கறுத்துத் தொங்கின. அக்காவின் கத்தரிப் பாத்தி ஒரே வாரத்தில் செத்தது. அப்பா தினமும் காலையில் போய் ஒவ்வொரு மரத்திலும் நகத்தால் பட்டையைச் சுரண்டி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்.

புல்டோசர் வந்த அன்று பெண்கள் எல்லாரும் செம்மண் சாலையில் உட்கார்ந்தோம். முன்வரிசையில் அக்கா. அந்தத் திட்டுக்குப் பிறகும் அவள்தான் வீடு வீடாக வந்து எங்களைக் கூட்டினாள். ஆண்கள் பின்னால் நின்றார்கள். ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு சிகரெட் பற்றவைத்தான். ஒரு மணி நேரம் நாங்கள் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தோம்.

பிறகு போலீஸ் ஜீப் வந்தது. கூடவே நில அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர். மலாய்க்காரர், மரியாதையானவர். “நீங்கள்தானே சம்மதம் கொடுத்தீர்கள்? பிறகு ஏன் மறிக்கிறீர்கள்?” என்று மலாயில் கேட்டார். யாருக்கும் விளங்கவில்லை. கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து, “யாருக்குப் படிக்கத் தெரியும்?” என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தத் தாளை மடிப்பு இல்லாமல் அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். நான்கு வரி படித்ததும் நிறுத்திவிட்டேன். “சத்தமா படி,” என்று பின்னாலிருந்து அப்பா சொன்னார். தமிழில் சொன்னேன். “கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள், எங்கள் நில லைசென்சைச் சொந்த விருப்பத்தின்பேரில் திருப்பி ஒப்படைக்கிறோம். எந்த ஆட்சேபமும் செய்ய மாட்டோம்.” அதற்குக் கீழே முதல் கையெழுத்து அப்பாவுடையது.

“நீதானே சொன்ன, வந்ததுக்கு சைனுன்னு!” யாரோ ஒரு பெண் கத்தினாள். அதற்குப் பிறகு எல்லாரும் கத்தினார்கள். தலைவரின் பேரை ஒருவரும் எடுக்கவில்லை. அவர் அங்கே இல்லை, நான் இருந்தேன்.

அக்கா எழுந்து அந்த அதிகாரியின் முன்னால் போனாள். தனக்குத் தெரிந்த மலாயில், “என் பேரு இதுல இல்ல. என் நிலத்துல ஏறாதீங்க,” என்றாள்.

அவர் வேறொரு தாளைப் பார்த்தார். லைசென்சு எல்லாமே வருடக் கடைசியோடு முடிந்துவிட்டது, யாருக்கும் புதுப்பிக்கவில்லை என்றார். சம்மதித்த பதினாறு குடும்பத்துக்கு மாற்று வீடு உண்டு. கையெழுத்துப் போடாதவர் இப்போது அத்துமீறிக் குடியிருப்பவர். அவருக்கு ஒன்றும் இல்லை.

“அப்படின்னா எங்க கையெழுத்தே ஒங்களுக்குத் தேவையில்லையா?” என்று கேட்டேன்.

“தேவையில்லை,” என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. “இருந்தால் வேலை சுலபம்.”

சாலையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். முதலில் இடிக்கப் போனது அக்காவின் வீட்டை. தட்டுமுட்டுச் சாமான்களை எடுக்க ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். உதவிக்குப் போன என்னை அவள் தடுக்கவில்லை. சபாக்கில் இருந்த அவள் தம்பியின் லோரியில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்த பிறகு, “அக்கா, என்னை மன்னிச்சிருங்க,” என்றேன்.

“மன்னிப்புக் கேக்க வந்தியா, ஒன் மனசு லேசாகணும்னு வந்தியா?”

நான் அழுதேன்.

“அழாத. நான் செத்துப்போயிறல. ஆனா லேசாக்கி விடமாட்டேன்,” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை.

எங்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தாய் போகும் வழியில் பலகை வீடு கொடுத்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே பதினாறு கதவு. பார்த்ததும் அம்மா, “மறுபடியும் லயமா?” என்றாள். தற்காலிகம் என்றார்கள். தரமான வீடு கட்டித்தருவதாகச் சொன்ன கம்பெனி, நாடு முழுக்க வேலைகள் பாதியில் நின்ற காலத்தில் தானும் நிறுத்திவிட்டது. ஒருமுறை பஸ்ஸில் போய் எங்கள் பழைய நிலத்தைப் பார்த்தேன். தென்னைகள் ஒன்றுகூட இல்லை. வெள்ளை வீடுகளின் படம் போட்ட பெரிய பலகை நின்றது. அதன் காலடி வரைக்கும் கடல் வந்திருந்தது. கொக்கோ வரிசை எது, எங்கள் வீடு எது என்று அடையாளம் தெரியவில்லை. அங்கே ஒரு வீடுகூட எழும்பவில்லை.

தலைவர் ஒரு வாக்கைக் காப்பாற்றினார். எனக்கு வேலைக் கடிதம் வந்தது, அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்டாக. கிழித்துப் போட்டேன் என்று எழுத ஆசைதான். அப்பாவுக்கு அப்போது செம்பனைத் தோட்டத்தில் கூடக் கூலி வேலை கிடைக்கவில்லை, வயதாகிவிட்டது என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தேன். இதே மாதிரித் தாள்களைப் பல வருடம் டைப் அடித்தேன்.

அந்தக் கையெழுத்தைப் பற்றி அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் கேட்டிருக்கலாம். திட்டியாவது இருக்கலாம்.

அடுத்த தேர்தலுக்குத் தலைவர் எங்கள் பலகை வீட்டுக்கு வந்தார். கூட நான்கைந்து பேர். அப்பா தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தலைவர் அப்பாவின் கையைப் பிடித்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பக்கத்துக் கதவுகளிலிருந்தும் வந்து சிரித்தபடி நின்றார்கள். நான் உள்ளே போய்த் தேநீர் கலந்தேன். கொண்டுவந்து கொடுத்து, சீனி போதுமா என்றும் கேட்டேன்.