மூன்றாவது இலை

மாயவரத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அம்மா சமையல் வேலை பார்த்தாள். பள்ளி விடுமுறை நாட்களில் நானும் கூடப் போவேன். அங்கே மதியம் சோறு, ராத்திரி கஞ்சி; நடுவில் ஒரு டீ மட்டும். சாயங்காலமானால், எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடும் ஒருவர் சமையல்கட்டு வாசலில் வந்து நிற்பார்.

"ஏம்மா, கொறிக்க ஏதாச்சும் இருக்கா?"

சாமான் அறைச் சாவி மேனேஜரிடம். அம்மா கையை விரிப்பாள்.

ஆடி அமாவாசை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. தங்கள் வீட்டில் இறந்தவர்களுக்காக அன்னதானம் செய்ய மூன்று குடும்பத்தார் சாப்பாடு கொண்டு வந்தார்கள். மூன்றும் மதியத்துக்கே. தங்கள் கையால் பரிமாறி, பெரியவர்கள் சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. முதல் இலையில் எல்லோரும் ஆசையாகச் சாப்பிட்டார்கள். இரண்டாவதில் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது இலை விழுந்ததும் சிலர் எழப் பார்த்தார்கள். மேனேஜர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். கொடுப்பவர்கள் மனம் நோகக் கூடாதாம்.

மூன்றாவது குடும்பத்தில் பரிமாறிய பெண்மணியிடம் பெரியம்மா மெதுவாகக் கேட்டார். "வயிறு நெறஞ்சிடுச்சுங்க. இந்த வடைய சாயந்தரம் தின்னுக்கறேனே."

"சாயந்தரம்னா அமாவாசை தாண்டிடும்மா. எங்க மாமனாருக்குப் போய்ச் சேரணும்ல? ஒரு வாய் வைங்க."

"ஒங்க மாமனாருக்கு என் வயிறுதான் கெடச்சுதா?"

பந்தியில் சிலர் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். ஒரு வடையை மட்டும் மடியில் செருகினார்.

"ரூமுக்கு எதையும் கொண்டு போகக் கூடாதுன்னு எத்தனை வாட்டி சொல்றது? எறும்பு வரும்" என்று மேனேஜர் கையை நீட்டினார். பெரியம்மா எடுத்துக் கொடுத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கொல்லைப்பக்கம் போய்த் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தார். அம்மா முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். மிஞ்சிய சோறும் பாயசமும், ஊசிப்போகும் என்று மாட்டுத் தொட்டிக்குப் போயின.

சாயங்காலம் பெரியம்மா வழக்கம்போல வாசலுக்கு வந்தார். அன்று எதுவும் கேட்கவில்லை. சும்மா நின்றார். அம்மா வெந்நீர் ஆற்றிக் கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டுப் போனார்.

வாய்க்கால் கரையோடு வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு ஒரே பூரிப்பு. ஒரே நாளில் மூன்று விருந்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டியபடி சொன்னேன்.

"ஒனக்கு வயசானா ஒன்னைய இங்கியே சேத்துடறேம்மா. வடையும் பாயசமுமா சாப்புடலாம்."

 அம்மா, "சரி" என்றாள்.

கேட்டதும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். என் கையை ஏன் விட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை.