நாலு தட்டு

எங்கள் ஆல்பத்தின் முதல் பாட்டு நாலு தட்டில் தொடங்கும். இரண்டு டிரம் குச்சிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம், அவ்வளவுதான். அடுத்த நொடியே கிட்டார்கள் இறங்கிவிடுவதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அந்தக் குச்சிகளைப் பிடித்திருந்த கை எனக்குத் தெரியும்.

டிரம்மர் அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். காஞ்சிபுரத்தில் ஹெவி மெட்டல் வாசிக்கிறோம் என்று சொன்னால், "கல்யாணத்துக்கு வருவீங்களா?" என்று கேட்பார்கள். அண்ணன் சிரிக்காமல், "பொண்ணு மாப்ள ஓடிடுவாங்க பரவால்லயா?" என்பார். பாட்டுகள் எல்லாம் அவர் போட்டவை. ஆனால் அவருக்கு வேண்டியது வேறு. "நான் வாசிச்சதுன்னு ஒண்ணு இந்த உலகத்துல இருக்கணும்பா. அது போதும்" என்று அடிக்கடி சொல்வார்.

அவர் வீட்டுப் பின்னறையில்தான் பதிவு. இரண்டு பக்கத்து வீடுகளிலும் தறி. எத்தனை போர்வை தொங்கவிட்டாலும் அந்தச் சத்தம் மைக்கில் ஏறிவிடும். அமாவாசையன்று மட்டும் தறியில் யாரும் உட்கார மாட்டார்கள். ஆகவே எங்கள் ஆல்பம் அமாவாசைக்கு அமாவாசை வளர்ந்தது. வளர்ந்தது என்று சொல்வதே அதிகம். பாடுகிறவன் சின்ன காஞ்சிபுரத்துப் பையன். அப்பாவோடு தர்ப்பணம் முடித்து, சாப்பிட்டு, மதியத்துக்கு மேல் வந்து பேய் மாதிரி உறுமுவான். ஒரு அமாவாசைக்கு அவன் வரவில்லை. சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. வேறு ஒருவனைத் தேடிப் பிடித்தோம்.

மெட்டலில் டிரம்ஸைத்தான் முதலில் பதிவு செய்வார்கள். மற்றவர்கள் அதன்மேல் வாசிக்க வேண்டும். தாளம் பிசகாமல் இருக்கக் காதில் டிக் டிக் என்று ஒரு சத்தத்தை ஓடவிடுவது வழக்கம். அண்ணன் அதை வேண்டாம் என்றுவிட்டார். எங்கள் கிட்டாரிஸ்ட் பள்ளிக்கூட நாளிலிருந்து அவர் கூட்டாளி. "அவன் கையப் பாத்துக்கினே வாசிப்பேன், எனக்கு எதுக்கு மெஷினு?" என்றார் அண்ணன். கூட்டாளி மூலையில் நின்று கூடவே வாசிக்க, அப்படியேதான் எட்டுப் பாட்டும் வாசித்தார்; டிரம்ஸ் மட்டும் பதிவானது. வேகம் ஏறும், இறங்கும், இரண்டு பேரும் சேர்ந்தே ஏறி இறங்குவார்கள். அவ்வளவு அழகான வாசிப்பை நான் பிறகு கேட்டதே இல்லை.

கிட்டார் பதிவு தொடங்குவதற்குள் கூட்டாளி குடும்பத்தோடு துபாய் போய்விட்டார். அடுத்து வந்தவனால் அந்த டிரம்ஸோடு ஒட்டவே முடியவில்லை. இரண்டே அமாவாசையில் கையெடுத்துக் கும்பிட்டுப் போனான். மூன்றாவது ஆள் லேப்டாப்போடு வந்தான். கெட்டிக்காரன். "அண்ணா, டிக் டிக் வெச்சி மறுபடி வாசிச்சிடுங்க" என்றான். அண்ணனும் ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார். அன்று முழுக்க அந்தச் சத்தம் ஒரு பக்கம் போனது, அவர் கை ஒரு பக்கம் போனது. கண் மட்டும் பழைய கூட்டாளி நிற்கும் மூலைக்கே போய் வந்தது. அங்கே ஒரு டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

சாயங்காலம் குச்சிகளைக் கீழே வைத்தார். "மெஷினே போட்டுடுபா. ஆல்பம் வரணும்" என்றார். புதியவன் கம்ப்யூட்டரிலேயே எட்டுப் பாட்டுக்கும் டிரம்ஸ் அமைத்தான். பழைய பதிவிலிருந்து தொடக்கத்தின் நாலு தட்டை மட்டும் விட்டுவைத்தான். "இது நேச்சுரலா இருக்குது" என்றான்.

ஆல்பம் இணையத்தில் வந்தது. யார் கேட்டார்கள் என்று தெரியாது. அண்ணன் அந்த அறையைப் பக்கத்துத் தறிக்காரருக்கே வாடகைக்கு விட்டுவிட்டார். இப்போது அங்கேயும் தறி ஓடுகிறது.

போன வாரம் அவர் ஆட்டோவில் முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். "நீங்க கேக்கவே இல்லியே" என்று போனில் முதல் பாட்டைப் போட்டேன். நாலு தட்டு கேட்டது. அவர் ஒரு கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார்.

"போதும்பா. இதுவரைக்கும்தான் நான்."

சாலையோரம் ஒரு பெரியவர் கை காட்ட, வண்டியை ஓரங்கட்டினார். நான் நகர்ந்து இடம் விட்டேன்.