கிணற்று முறை

வெள்ளரிப் பிஞ்சைப் பார்த்தால் மற்றவர்களுக்கு நாக்கில் நீர் ஊறும். எனக்குக் குமட்டும். காரணத்தைக் கேட்டால் எங்கள் தெருவைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் நான் வாசுதேவநல்லூரிலிருந்து கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்தேன். தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். தெருவுக்குப் பின்னால் ஒரு குளம். தை மாதம் தண்ணீர் வற்றியதும் குளத்துக்குள்ளேயே வீட்டுக்கு ஒரு பங்காக நிலத்தைப் பிரித்துக்கொள்வார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு யாருக்கு எந்தப் பங்கு என்று முடிவாகும். அதில் வெள்ளரி போட்டு, ஆடி ஆவணியில் மழை வரும்வரை எடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். தறிக்கூலியை நம்பியிருக்கிற வீட்டுக்குக் கோடையில் அதுதான் கை கொடுக்கும். பாசனத்துக்குக் குளத்தின் நடுவில் ஒரு பொதுக்கிணறு. நாங்கள் பெண்கள்தான் குடம் குடமாகச் சுமந்து ஊற்றுவோம்.

வயக்காட்டில் வளர்ந்தவளுக்கு இந்த ஏற்பாடு பிடித்துப் போயிற்று. பொது நிலம், பொதுக் கிணறு, எல்லோரும் ஒன்றாக வேலை செய்கிறோம் என்று அம்மாவிடம் பெருமையாகக் கூடச் சொன்னேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான்.

கிணற்றுக்கு ஒரு முறை உண்டு. மாதத்துக்கு ஒரு வீடு அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தூர் எடுப்பது, விழுந்ததை எடுத்துப் போடுவது எல்லாம் அந்த வீட்டு வேலை. முறைக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் பதினாறு கழியும்வரை அவர்கள் கிணற்றைத் தொடக் கூடாது. அதோடு விட்டால் பரவாயில்லை. தீட்டு வீட்டு முறையை வேறு யாரும் எடுத்துச் செய்யவும் மாட்டார்கள். முறையை வாங்கினால் சாவையும் சேர்த்து வாங்கியதாக அர்த்தமாம்.

அந்தப் பங்குனியில் முறை எங்கள் அடுத்த வீட்டுக்கு. அந்த வீட்டுக்காரர் தறிக்குக் கூலிக்குப் போகிறவர். மஞ்சள்காமாலையில் கிடந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி என்னைவிட இரண்டொரு வயது இளையவள். இரண்டு பெண்பிள்ளைகள். கையில் மிச்சம் இருந்தது பூவும் பிஞ்சுமாக நின்ற அந்தப் பங்கு ஒன்றுதான். அதில் காய் எடுத்தால்தான் ஆவணி வரைக்கும் அடுப்பு எரியும்.

சாவு நடந்து சில நாளில் கிணற்றுக்குள் ஓர் ஆட்டுக்குட்டி விழுந்து செத்தது.

யாராவது எடுப்பார்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், மூக்கைப் பிடிப்பார்கள், பதினாறு எப்போது வருகிறது என்று விரலை மடக்குவார்கள். குட்டி உப்பி மிதந்தது. தோல் உரிந்து மயிர் தனியாகத் தண்ணீரில் சுற்றியது. அப்புறம் புழு. அந்தத் தண்ணீரையே எதிர்ப்பக்கம் நின்று வாளியை மெதுவாக இறக்கி, குடத்தின் வாயில் துணி கட்டி வடித்துச் செடிக்கு ஊற்றினார்கள். அந்தக் காயைப் பறித்துக் கூறுகட்டி பஸ் ஸ்டாண்டில் விற்றார்கள். வீட்டுக்கு மட்டும் சந்தையில் வாங்கித் தின்றார்கள். இதை ஒருத்தரும் ஒளித்துச் செய்யவில்லை. அதுதான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது.

தெருவுக்குப் பெரியவர் ஒருவர் உண்டு. வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. வெளியாள் யாரையாவது கூலிக்கு இறக்கி எடுக்கலாமே என்று அவரிடம் போய்க் கேட்டேன். கண்டவனை இறக்கினால் அப்புறம் அது நம் கிணறாக இருக்குமா என்று கேட்டார். நானே இறங்குகிறேன் என்று வீட்டில் சொன்னேன். மாமியார் வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அடுத்த வீட்டுப் பங்குக்கு அந்த வடித்த தண்ணீர்கூட இல்லை. தீட்டு வீட்டுச் செடிக்கு யார் ஊற்றுவார்கள்? நான் ஊற்றினேன். என் ஒருத்தியின் குடம் இரண்டு பங்குக்குப் போதவில்லை. கொடி சுருண்டுகொண்டே வந்தது.

ஒருநாள் விடியற்காலையில் தண்ணீருக்குப் போனபோது அவள் கிணற்று விளிம்பில் நின்றாள். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தாள். இடுப்பில் கயிறு, கையில் ஒரு பனையோலைக் கடவப்பெட்டி.

"எங்க வீட்டு முறைதானக்கா. நாந்தான எடுக்கணும். கயித்தப் பிடிச்சுக்கிடுதியளா?"

பிடித்துக்கொண்டேன். கல்லில் கால் வைத்து இறங்கினாள். பெட்டியில் அள்ளும்போது குட்டி இரண்டாகப் பிரிந்தது. அவள் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. மேலே நின்ற நானும் வாந்தி எடுத்தேன். இரண்டு தடவையாக அள்ளிக் கொடுத்தாள். குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரையும் முடிந்தமட்டும் இறைத்துக் கொட்டினோம்.

மத்தியானத்துக்குள் தெருவே குடத்தோடு வந்துவிட்டது. ஊற்று நன்றாகச் சுரக்கிறது என்று சந்தோஷம் வேறு.

சாயங்காலம் கூட்டம் போட்டார்கள். தீட்டோடு கிணற்றில் இறங்கியதால் அவளுக்குப் பங்கு கிடையாது, அது பக்கத்துப் பங்குக்காரருக்குச் சேரும் என்று தீர்ப்பு. பக்கத்துப் பங்குக்காரர் என் வீட்டுக்காரர்தான். மனிதர் முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்த்தேன். அவள் சுத்தமாக்கிக் கொடுத்த தண்ணீரைத்தானே மத்தியானம் எல்லோரும் மொண்டீர்கள் என்று கேட்டேன். பெண்கள் பேசும் வழக்கமில்லாத இடம். பெரியவர் கோபப்படவில்லை, குழந்தைக்குச் சொல்வதைப் போலச் சொன்னார்.

"தண்ணிக்கு ஏது தீட்டு? தொட்ட ஆளுக்குத்தான் தீட்டு."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. வீட்டுக்கு வந்து துப்பினேன்.

அந்தக் கோடை முழுக்க அவள் பங்கில் காய்த்ததை எல்லாம் பறித்து அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தேன். என் வீட்டில் அதற்கு நடந்த சண்டையை எழுதினால் தாள் காணாது. பதினாறு கழிந்து அவள் தறிக்கொட்டகைக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் வேலைக்குப் போனாள். அடுத்த தையில் சீட்டுக் குலுக்கியபோது அவள் வீட்டுச் சீட்டு போடப்படவில்லை. முறையிலிருந்தும் வீட்டை எடுத்துவிட்டார்கள்.

சித்திரையில் கிணற்றில் ஒரு பெருச்சாளி விழுந்தது. அவளைத்தான் கூட்டிவர ஆள் அனுப்பினார்கள். ஏற்கெனவே இறங்கின ஆள்தானே என்றார்கள். இதைச் சொல்லும்போதும் ஒருத்தர் முகத்திலும் கூச்சம் இல்லை.

கொட்டகையிலிருந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வந்தாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். சுற்றி நின்ற எல்லோரையும் பார்த்தாள்.

"இப்ப யார் முறை?"

பெரியவர் வீட்டு முறை என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன். அப்படியா என்று தலையசைத்துவிட்டு அவள் வேலைக்குத் திரும்பிப் போனாள்.

மறுநாள் பொழுது விடிவதற்குள், பெரியவருக்குத் தூரத்துச் சொந்தத்தில் யாரோ இறந்துபோனதாகவும், அவர் வீட்டுக்குத் தீட்டு என்றும் சேதி வந்துவிட்டது.