இன்னும் கொஞ்சம் எம்பு

பாஸ்கெட்பால் கோச்சிடம் பந்து போடுவது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. இன்னும் உயரமாகக் குதிப்பது எப்படி என்றுதான் கேட்பார்கள். 2004-லிருந்து எட்டு வருஷம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கிளப் பிள்ளைகளுக்கு இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பகலில் மருந்து ஏஜென்சியில் வேலை. காலையும் மாலையும் கிரவுண்டு. அடுத்தவர் பிள்ளைக்கு எதையாவது சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு என் நிலைமை புரியும்.

சுவர்

எவ்வளவு குதிக்கிறார்கள் என்று அளக்க எங்களிடம் மெஷினெல்லாம் கிடையாது. கையில் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு, சுவரோரம் நின்று எட்டியமட்டும் ஒரு தட்டு. எம்பிக் குதித்து இன்னொரு தட்டு. இரண்டு கைத்தடத்துக்கும் நடுவில் இருப்பதுதான் குதித்த உயரம். கிரவுண்டை ஒட்டி இருந்த ஒரே நல்ல சுவர், ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் வீட்டின் பின்பக்கச் சுவர். நீலச் சுவர் நிறைய வெள்ளைக் கைகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே கிரவுண்டுக்கு வந்துவிட்டார். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "பொண்ணு பாக்க வந்தவுங்க செவுத்தப் பாத்துட்டு, இந்த வீட்டுல மொத்தம் எத்தினி பேருன்னு கேட்டாங்க சார்" என்றார்.

மணல்

மணலில் குதித்துப் பழகினால் காலில் பலம் ஏறும். முட்டிக்கும் அடி குறைவு. அதனால் வாரம் ஒருமுறை எல்லோரையும் சில்வர் பீச்சுக்கு அழைத்துப் போவேன். அங்கே நன்றாக எம்புகிறவள் சுகன்யா. பக்கத்திலேயே தேவனாம்பட்டினம்தான் அவள் ஊர். அப்பா கடலுக்குப் போகிறவர். டீமிலேயே குள்ளமானவள் அவள்தான்.

நான் கிளப்பில் சேர்ந்த அந்த 2004 கடைசியில் சுனாமி வந்தது. அவள் வீட்டில் ஆட்கள் தப்பித்தார்கள். வீடும் படகும் போய்விட்டன. பல வாரம் கழித்துத்தான் திரும்பக் கிரவுண்டுக்கு வந்தாள். அதன் பிறகு நான் யாரையும் பீச்சுக்கு அழைத்துப் போகவில்லை. மணல் சரியில்லை, பஸ் கிடைக்காது என்று வாரத்துக்கு ஒரு காரணம் சொன்னேன். கடைசியில் ஒருநாள் ஷூ லேஸைக் கட்டியபடியே சுகன்யா சொன்னாள்: "உங்களுக்குப் பயமா இருந்தா இங்கியே வெச்சிக்கலாம் சார். நாங்க தெனமும் அங்கதான் இருக்கறோம்."

டாக்டர்

நசீர் கடலூர் ஓல்டு டவுனில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர் மகன். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டு சனி, ஞாயிறு எங்களோடு ஆடுவான். ஒருநாள் விட்டு ஒருநாள் குதித்தால் போதும், நடுவில் காலுக்கு ஓய்வு வேண்டும், இறங்கும்போது முட்டியை மடக்கி மெதுவாக இறங்கு என்பேன். அவனுக்கு அது போதவில்லை. பிரவுசிங் சென்டரில் ஏதோ ஒரு பயிற்சித் திட்டத்தை பிரிண்ட் எடுத்து, ஹாஸ்டல் சிமெண்ட் படிக்கட்டில் தினமும் ஏறிக் குதித்திருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. முட்டிக்குக் கீழே வீங்கி, மாடி ஏற முடியாமல் போனதும்தான் போன் செய்தான்.

சிதம்பரத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அழுத்திப் பார்த்துவிட்டு, இந்த சீசன் பந்தையே தொடக் கூடாது என்றார். நசீர் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டே சொன்னார்: "எங்கிட்ட எல்லாரும் நடக்க முடியலன்னுதான் வருவாங்க. குதிக்க முடியலன்னு வந்த மொத ஆளு நீதாம்பா."

உயரம்

பிளஸ் டூ முடித்ததும் சுகன்யாவை ஒரு காலேஜ் விளையாட்டுக் கோட்டா தேர்வுக்கு அழைத்துப் போனேன். சீட் கிடைக்கவில்லை என்றால் எறா உரிக்கும் கம்பெனி வேலைக்கு அனுப்புவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். அவள் அம்மாவும் கூட வந்து, பாஸ்கெட்பால் கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

தேர்வாளர் முதலில் உயரத்தை அளந்தார். அவள் பேப்பரை எடுத்து ஓரமாக வைத்தார். "ஒருதடவை ஆடவிட்டுப் பாருங்க சார்" என்றேன். அரைமனதாகத் தலையாட்டினார். ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்தையெல்லாம் நெட்டைப் பெண்களின் தலைக்கு மேலே எம்பி எடுத்துக்கொண்டிருந்தாள் சுகன்யா. முகத்தில் சிரிப்பும் இல்லை, பதற்றமும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் தேர்வாளர் அவள் பேப்பரைத் தேடி எடுத்தார். என்னிடம் கேட்டார்: "ஒசரத்த எப்பிடிங்க எழுதறது, நிக்கும்போதா, குதிச்சப்புறமா?"

ரிங்

2011 கடைசியில் அடித்த புயலில் எங்கள் போஸ்ட் ஒன்று மடங்கி விழுந்தது. ஊரே கூரையையும் பலாமரத்தையும் பறிகொடுத்து நிற்கும்போது பாஸ்கெட்பால் போஸ்டைப் பற்றி யாரிடம் போய்ப் பேசுவது? வளைந்த பகுதியை வெல்டரை வைத்து அறுத்துவிட்டு, மிச்சத்தை அடிக்கட்டையோடு பற்றவைத்து நிறுத்தினோம். ரிங் பழைய உயரத்தைவிட நன்றாகவே இறங்கிவிட்டது. அன்றிலிருந்து கிளப்பில் ஆளாளுக்கு ரிங்கைத் தொட ஆரம்பித்தார்கள். பெற்றோர் வந்து எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

நசீர் அப்போது துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். முட்டி அதன் பிறகு முழுசாகச் சரியாகவே இல்லை. ஆடின காலத்தில் ஒருநாளும் ரிங்கை எட்டாதவன், அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை எம்பினான். விரல் நுனி இரும்பில் பட்டது. இறங்கி, முட்டியைத் தேய்த்துக்கொண்டே போஸ்டின் அடியை நிதானமாகப் பார்த்தான். வெல்டிங் வைத்த இடம் அவன் கண்ணில் பட்டுவிட்டது. என் பக்கத்தில் வந்து, "சார், இத ஒசத்தறதா இருந்தா நான் ஃப்ளைட் ஏறுனப்புறம் ஒசத்துங்க" என்றான்.

ரிங்கை உயர்த்தக் கோடைவரை ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் என் பயிற்சிக்கு அவ்வளவு நல்ல பலன் கிடைத்தது அந்தச் சில மாதங்களில்தான்.