பதினான்காம் எண் தகவலாளி

கோவையில் நான் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் கல்லூரியில், டிஜிட்டல் ஒலிக் காப்பகம் அமைப்பது பற்றி ஆசிரியர்கள் கூடிப் பேசினோம். சூலூர்ப் பக்கம் நான் பதிவுசெய்த பாடல்களில் எவற்றை இணையத்தில் ஏற்றுவது என்று அன்று முடிவாக வேண்டும். பாடியவர் பெயரைப் போடக் கூடாது என்பது ஆய்வுமுறை, எண் மட்டும்தான்.

பதினான்காம் எண் என் அம்மா. அதை யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று, ஊர் எல்லை தாண்டிச் சாலையோரப் புளியமரத்தடிக்கு என்னை அழைத்துப்போய்ப் பாடினாள். அப்பா இறந்தபோது பாடியது. பல வருடம் தறியில் வேலைசெய்து இழுத்த பஞ்சு நெஞ்சை அடைத்து, வரிக்கு வரி மூச்சு வாங்கியது. அந்த நெஞ்சுதான் அவளைக் கொண்டுபோனது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கையெழுத்துப் போடத் தெரியாத அவள் குரல் ஒரு கல்லூரியில் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பாட்டை ஒலிக்கவிட்டார்கள். திரையில் அவள் குரல் பச்சைக் கோடாக ஏறி இறங்கியது.

"லாரிச் சத்தத்தை சாஃப்ட்வேர் எடுத்துருமுங்க. மூச்சுச் சத்தத்தையும் சேத்தே எடுத்துரலாம்," என்றார் கணினித்துறைக்காரர்.

"எடுங்க எடுங்க. அம்மணி பாடுதா, மாடிப்படி ஏறுதான்னே தெரியலீங்க," என்றார் ஆங்கிலப் பேராசிரியர். அறையே சிரித்தது.

வரலாற்றுத்துறை அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. "மூச்சும் பதிவுதானுங்களே சார்? அதைய வெட்டிப்போட்டா அப்பறம் என்ன ஆவணம்?"

"கேக்கறவனுக்குப் பாட்டு போதாதுங்களா மேடம்? சீக்கு எதுக்குங்க?" என்றார் ஆங்கிலப் பேராசிரியர்.

அம்மையார் என் பக்கம் திரும்பினார். "எடுத்தது நீங்கதானே தம்பி, நீங்களே சொல்லுங்க."

"மூச்சு இருக்கட்டுங்க," என்றேன். "அது எங்கம்மாங்க. இப்ப இல்லீங்க."

கோடு நின்றது. யாரோ பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

ஆங்கிலப் பேராசிரியர் எழுந்துவந்து என் தோளைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "ஏனுங்க தம்பி, மொதல்லயே சொல்றதுக்கென்ன? நான்பாட்டுக்குப் பேசிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"பெத்தவளோட ஒப்பாரிய ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டுனா தம்பிக்கு எப்படி இருக்கும்? இதைய உட்டுரலாமுங்க," என்றார் துறைத்தலைவர். எனக்காக வாதாடிய அம்மையாரும் தலையசைத்தார்.

"இல்லீங்க சார், போடலாமுங்க."

"அது உங்க பெருந்தன்மைங்க தம்பி. அதுக்காவ நாங்க செய்வமுங்களா?"

"நெசமாத்தானுங்க சார். போடோணும்."

"விடுங்க தம்பி, விடுங்க," என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவர் 'வேண்டும்' என்றாலும் 'வேண்டாம்' என்றாலும், அதை மரியாதைக்குச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். மூன்றாம் முறை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தேநீர் வந்தது. முதல் டம்ளரை எனக்குக் கொடுக்கச் சொன்னார்கள். திரையில் பதினைந்தாம் எண்ணின் கும்மிப்பாட்டு ஓடத் தொடங்கியிருந்தது. குரல் சுத்தமாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். என்னைக் கேட்டபோது நானும் ஆமாம் என்றேன்.