கல்மான்

விடிந்து நெடுநேரமாகியும் நான் எழுந்திருக்காவிட்டால் அப்பா கேட்பது ஒன்றுதான்: “என்னடா, கல்மான் குடிச்சியா?” கல்மான் என்றால் என்னவென்று அவருக்கே தெரியாது. வீட்டில் வழங்கிவந்த வார்த்தை. அவருடைய அக்கா, என் அத்தை, அதைக் கேட்டால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

நான் பழைய மருந்து பாட்டில்கள் சேர்ப்பவன். போன மாதம், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரின் சண்டே மார்க்கெட்டில் ஒன்று கிடைத்தது. பச்சைக் கண்ணாடி, பாதி கிழிந்த லேபிள், அதில் சிரிக்கும் வெள்ளைக்காரக் குழந்தை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், பிரெஞ்சும் படித்தேன். அந்தப் பெருமையில் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தேன்: “சிரோ கல்மான்.”

“அட, நம்ம கல்மான்!” என்று அப்பா சிரித்தார்.

“கொழந்த அழுவாம இருக்கக் குடுக்கற சிரப்புப்பா.” கீழே பொடி எழுத்து. செல்போன் வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டினேன். “இதுல அபின் கலந்திருக்கு.”

“அபினா?” என்றார், வழக்கம்போல வெளியே போக எழுந்துவிட்ட அத்தை.

அப்புறம்தான் சொன்னார். அப்பா பிறப்பதற்கு முன்னால் ஒரு கைக்குழந்தை செத்துப்போனது எங்களுக்குத் தெரியும். பெரியவர்கள் மில்லுக்குப் போனபின் ஒன்பது வயது அத்தைதான் அதைப் பார்த்துக்கொண்டார். மருந்துக்கடையில் கல்மானைக் கொடுத்துச் சொல்லி அனுப்பினார்களாம்: “அழுதா ஒரு ஸ்பூன், தூங்கலன்னா இன்னொண்ணு.” இரண்டாவது ஸ்பூனுக்குப் பிறகு குழந்தை எழுந்திருக்கவேயில்லை. ‘புள்ளயப் பாத்துக்கத் துப்பில்லாதவ’ என்ற பேரை அத்தை எழுபது வருஷமாகச் சுமக்கிறார்.

பாட்டில் சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் காலையில்தான் படம் போட்டிருந்தேன். ‘பாப்பா செம்ம க்யூட் ப்ரோ’ என்று பதில்கள் வந்துகொண்டிருந்தன. போனை அணைத்துத் தூக்கிப் போட்டேன்.

“இதுலயே போட்டிருக்கு அத்த. பிரெஞ்சுல போட்டா யாருக்குத் தெரியும், படுபாவிங்க!”

“தமிழ்ல போட்டிருந்தா மட்டும் நான் படிச்சிருப்பனாடா?”

நான் சொன்னேன்: “கடைக்காரனுக்குப் படிக்கத் தெரியும்ல?”

அத்தை பாட்டிலைக் கையில் வாங்கி, அந்தக் குழந்தைப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“தெரிஞ்சேதான் ரெண்டாவது ஸ்பூன் குடுக்கச் சொன்னானா?”

அத்தை அப்பாவின் பக்கம் திரும்பினார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

“இன்னமே அந்த வார்த்த இந்த வூட்ல வந்துச்சு, பாட்டிலாலயே மண்டைய ஒடைப்பேன்.”